மடி வாட்டர்ஸ் குழுவில் வாசித்தவர்கள் எங்கே இசை கற்றார்கள்?

சிகாகோ ப்ளூஸ் என்ற கறுப்பின மக்களின் இசையை உருவாக்கியவர்கள் அனைவரும் அமெரிக்காவின் தென்மாநிலமான மிசிசிப்பியின் பருத்திக் காடுகளிலிருந்து ரயிலேறி வந்தவர்கள், முறையான இசைப் பயிற்சி எதுவும் இல்லாத நாட்டுப்புறக் கலைஞர்கள் என்று பல இடங்களில் எழுதப்படுகிறது. அந்த இசையின் முன்னணிப் பாடகரும் கிட்டார் கலைஞருமான மடி வாட்டர்ஸின் குழுவில் இருந்த ஒவ்வொருவருக்கும் இந்தச் சித்திரம் பொருந்துமா, அவர்கள் யாரிடம், எப்படி இசை கற்றார்கள் என்பதே கேள்வி. பாதிக்கு மேல் பொருந்தாது என்பதே என் பதில். குழுவில் பெரும்பாலானோர் தென்மாநிலங்களில் பிறந்தவர்கள் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் குழுவின் ஓசையை மற்றக் குழுக்களின் ஓசையிலிருந்து பிரித்துக் காட்டியவை ஜாஸ் டிரம்ஸ், தேவாலயக் கூட்டுப்பாட்டு, சாக்ஸபோன் வாசிப்பு, வானொலி என்று ப்ளூஸுக்கு வெளியிலிருந்தோ அதன் ஓரத்திலிருந்தோ வந்தவை. ஆளுக்கு ஆள் பின்னணி வேறுபட்டதால்தான் அந்த இசை அப்படி அமைந்தது என்பது என் கணிப்பு.

இன்று உலகப் புகழ் பெற்ற பெயராக இருந்தாலும், 1940களின் பிற்பகுதியில் அது ஓர் உள்ளூர்க் குழு என்பதை முதலில் நினைவில் கொள்ள வேண்டும். பகலில் தொழிற்சாலையிலும் லாரியிலும் வேலை பார்த்துவிட்டு, இரவில் சிகாகோவின் தெற்குப் பகுதியிலும் மேற்குப் பகுதியிலும் இருந்த சிறிய மதுக்கூடங்களில் வாசித்தவர்கள் அவர்கள். சிகாகோவின் கறுப்பின மக்கள்தொகை 1940இல் ஏறத்தாழ 2,78,000 ஆக இருந்து, 1950இல் 4,92,000ஐ எட்டியது. அந்தக் குழு வாசித்தது இந்தக் கூட்டத்துக்காகத்தான். ஊரை விட்டு வந்து சில ஆண்டுகளே ஆன கேட்போருக்கு ஊர் நினைவும் வேண்டும், நகரத்தின் இரைச்சலுக்கு ஈடுகொடுக்கும் சத்தமும் வேண்டும்.

தலைவரிலிருந்து தொடங்குவோம். மடி வாட்டர்ஸின் இயற்பெயர் மெக்கின்லி மார்கன்ஃபீல்ட். மிசிசிப்பியில் பிறந்து, கிளார்க்ஸ்டேல் நகருக்கு அருகிலுள்ள ஸ்டோவால் பண்ணையில் பாட்டியிடம் வளர்ந்தவர். முதலில் மவுத் ஆர்கன் வாசித்தார். பதினேழு வயது வாக்கில்தான் கிட்டாருக்கு வந்தார். விரலில் கண்ணாடிக் குப்பியின் கழுத்தை மாட்டிக்கொண்டு தந்தியின் மேல் வழுக்கி வாசிக்கும் முறையை, அந்த வட்டாரத்தில் பெரும்புகழ் பெற்றிருந்த சன் ஹவுஸைப் பார்த்தே கற்றார். ராபர்ட் ஜான்சனின் இசைத்தட்டுகளும் அவர் கையில் படிந்தன. இதுவரை பொதுச் சித்திரம் சரியாகத்தான் வருகிறது.

ஆனால் 1941 ஆகஸ்டில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்காக ஆலன் லோமாக்ஸும், ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் வொர்க்கும் ஒலிப்பதிவுக் கருவியோடு ஸ்டோவாலுக்கு வந்து, மறு ஆண்டு மீண்டும் வந்தபோது, அவருக்குத் தெரிந்த பாடல்களின் பட்டியலையும் எழுதிக்கொண்டார்கள். அந்தப் பட்டியலில் திரைப்பட கௌபாய் பாடகர் ஜீன் ஆட்ரியின் பாடல்கள் இடம்பெற்றிருக்கின்றன. அந்நாளில் வானொலியில் ஓடிக்கொண்டிருந்த பிரபல நடனப் பாடல்களும் இருக்கின்றன. சனிக்கிழமை இரவில் ஆட வருகிறவர்கள் எதைக் கேட்டாலும் வாசித்தாக வேண்டும். இல்லையென்றால் காசு வராது. அவர் அங்கே வாசித்துவந்த தந்தி வாத்தியக் குழுவின் ஃபிடில் கலைஞர் சன் சிம்ஸ், ப்ளூஸ் முன்னோடி சார்லி பாட்டனோடு இசைத்தட்டில் வாசித்தவர். ஆக, வயல் வரப்பில் தனியாக உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்த ஒருவரை லோமாக்ஸ் கண்டுபிடிக்கவில்லை. ஏற்கெனவே குழுவில் வாசித்துப் பழகிய, கேட்போரின் விருப்பம் அறிந்த ஒரு தொழில்முறைக் கலைஞரைத்தான் அவர் பதிவு செய்தார். பதிவுக்காக இரண்டு இசைத்தட்டுப் பிரதிகளும் 20 டாலரும் வந்து சேர்ந்தன. தன் குரலைத் தட்டில் கேட்ட பிறகுதான் இதை வைத்துப் பிழைக்கலாம் என்ற நம்பிக்கை தனக்கு வந்ததாக அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1943இல், டிராக்டர் ஓட்டுவதற்கு மணிக்கு இருபத்திரண்டரை சென்டாக இருந்த கூலியை 25 சென்டாக உயர்த்தக் கேட்டு, மறுக்கப்பட்டதும், சிகாகோவுக்கு ரயிலேறினார்.

சிகாகோவில் அவர் இரண்டாம் முறை பாடம் கற்றார் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. வழுக்கு வாசிப்பை விட்டுவிட்டு, விரல்களால் தந்தியை அழுத்தி ஒவ்வொரு ஸ்வரமாக எடுத்து வாசிக்கும் முறையை, புளூ ஸ்மிட்டி என்று அழைக்கப்பட்ட கிளாட் ஸ்மித்திடம் அங்கேதான் பயின்றார். மின் கிட்டாரும் அங்கேதான் கைக்கு வந்தது. மதுக்கூடத்தின் பேச்சுச் சத்தத்தில் மரக் கிட்டார் காதில் விழாது என்ற நடைமுறைக் காரணத்தைத் தவிர இதில் பெரிய கலைத் தத்துவம் எதையும் தேட வேண்டியதில்லை.

அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டாவது கிட்டார் வாசித்த ஜிம்மி ராஜர்ஸ், 1924இல் மிசிசிப்பியின் ரூல்வில்லில் பிறந்தவர். இயற்பெயரின் கடைசிப் பகுதி லேன். ராஜர்ஸ் என்பது மாற்றாந்தந்தையின் பெயர். சிறுவயதில் அவரும் மவுத் ஆர்கன்காரர்தான். பின்னாளில் அதே வாத்தியத்தில் பெயர் பெற்ற ஸ்னூக்கி பிரையர் அவருடைய பால்யத் தோழர். மடி வாட்டர்ஸோடு சேர்ந்த தொடக்கக் காலத்திலும் ராஜர்ஸ் ஊதிக்கொண்டுதான் இருந்தார். லிட்டில் வால்டர் வந்து சேர்ந்ததும் அதைக் கீழே வைத்துவிட்டு முழுநேரமாகக் கிட்டாருக்கு மாறினார். அந்த மாற்றத்தால் குழுவுக்குக் கிடைத்தது மிகப் பெரிது. அப்போதைய குழுவில் பெரும்பாலும் பேஸ் (கீழ்ஸ்தாயி) வாத்தியம் கிடையாது. ஆகவே ராஜர்ஸ் தன் கிட்டாரின் தடித்த கீழ்த் தந்திகளில் நடைபோடும் பேஸ் வரிசையை வாசித்துக்கொண்டே, பாடகர் ஓர் அடியைப் பாடி முடித்து மூச்சு வாங்கும் இடைவெளியில் மேல் தந்திகளுக்குத் தாவி இரண்டு மூன்று ஸ்வரங்களை வைத்துவிட்டு மறுபடி கீழே இறங்குவார். தனித்துத் தெரிய வேண்டும் என்ற ஆசை துளியும் இல்லாத வாசிப்பு அது. அதனாலேயே வரலாற்றில் அவருக்குரிய இடம் தாமதமாகக் கிடைத்தது என்று தோன்றுகிறது. 1950இல் அவர் பெயரிலேயே வெளிவந்த இசைத்தட்டுகள் நன்றாக விற்றன. 1950களின் நடுவில் குழுவை விட்டுத் தனியே போனார். பிறகு இசையையே விட்டுவிட்டுத் துணிக்கடை நடத்தினார். 1968இல் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து மூண்ட கலவரத்தில் அந்தக் கடை எரிந்துபோனது. மீண்டும் மேடைக்கு வந்து 1997இல் இறக்கும்வரை வாசித்தார்.

இனி லிட்டில் வால்டர். இவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பொதுச் சித்திரம் மிக அதிகமாகத் தடுமாறுவது இவரிடத்தில்தான். மேரியன் வால்டர் ஜேக்கப்ஸ் மிசிசிப்பிக்காரர் அல்லர். 1930இல் லூசியானா மாநிலத்தின் மார்க்ஸ்வில்லில் பிறந்தவர். பன்னிரண்டு வயதளவில் வீட்டை விட்டுக் கிளம்பி, நியூ ஆர்லியன்ஸ், மெம்ஃபிஸ், ஆர்கன்சாவின் ஹெலினா என்று தெருவில் வாசித்துத் தின்று வளர்ந்தவர். 1940களின் நடுவில் சிகாகோ வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் மேக்ஸ்வெல் தெருச் சந்தையில் நின்று வாசித்தார். அந்தத் தெருவின் கடைகளிலிருந்தும் வீடுகளிலிருந்தும் மின்கம்பி இழுத்து ஆம்ப்ளிஃபையரை இயக்கிக்கொள்வது அங்கே வழக்கம்.

மவுத் ஆர்கனில் அவருக்கு முன்னோடி ஜான் லீ வில்லியம்சன், அதாவது முதலாம் சன்னி பாய். அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது வாத்தியத்தின் இலக்கணத்தை மட்டுமே. காதில் ஓடிக்கொண்டிருந்தது லூயி ஜோர்டனின் சாக்ஸபோன். துள்ளலான நடனக் குழு வைத்திருந்த ஜோர்டன் அந்தப் பத்தாண்டின் மிகப் பெரிய கறுப்பின நட்சத்திரங்களில் ஒருவர். அவருடைய சாக்ஸபோன் வாக்கியங்களை, பத்துத் துளை கொண்ட மலிவான மவுத் ஆர்கனில் கொண்டுவர முடியுமா என்பதே இளம் வால்டரின் பிடிவாதமாக இருந்தது.

முடிந்தது. எப்படி என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். ப்ளூஸ் கலைஞர்கள் மவுத் ஆர்கனை அதில் பொறித்திருக்கும் சுருதியில் வாசிப்பதில்லை. பாடல் ஈ சுருதியில் இருந்தால், ஏ சுருதி ஆர்கனை எடுத்துக்கொள்வார்கள். அப்படிச் செய்யும்போது முக்கியமான ஸ்வரங்கள் எல்லாம் காற்றை ஊதும் பக்கத்துக்குப் பதிலாக உறிஞ்சும் பக்கத்தில் வந்து விழும். உறிஞ்சும் ஸ்வரங்களை நாக்கையும் தொண்டையையும் கொண்டு வளைத்து இறக்கலாம். அழுகை, முனகல், இழுவை எல்லாம் அங்கேதான் பிறக்கின்றன. இந்த முறை வால்டருக்கு முன்பே இருந்தது. அவர் செய்தது, மலிவான ஒரு மைக்கை ஆர்கனோடு சேர்த்து இரு கைகளுக்குள்ளும் காற்றுப் புகாதபடி பொத்திப் பிடித்து, கிட்டார் ஆம்ப்ளிஃபையரில் இணைத்து, அது கரகரக்கும் அளவுக்குச் சத்தத்தை ஏற்றியது. அப்போது மெல்லிய உலோக நாக்குகளின் ஓசை, ஒரு பித்தளை வாத்தியத்தின் கனத்தைப் பெற்றுவிடுகிறது. ஒலிபெருக்கியை முதலில் பயன்படுத்தியவர் அவர்தான் என்று சொல்ல முடியாது. ஆனால் மற்றவர்கள் கேட்கும்படி ஆக்குவதற்காகப் பயன்படுத்திய கருவியை, அவர் வாத்தியத்தின் ஒரு பகுதியாகவே ஆக்கிக்கொண்டார்.

1952 மே 12 அன்று மடி வாட்டர்ஸின் ஒலிப்பதிவில், குழு மேடையில் வழக்கமாக வாசித்துவந்த ஒரு வாத்திய மெட்டு வால்டரின் பெயரில் பதிவானது. ‘ஜூக்’ என்று வெளிவந்த அந்தத் தட்டு, பில்போர்டு இதழின் ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் எட்டு வாரம் முதலிடத்தில் இருந்தது. தென்பகுதியில் சுற்றுப்பயணம் போய்க்கொண்டிருந்த நேரத்தில் அது வெற்றி பெற்றதை அறிந்து, பயணத்தின் நடுவிலேயே குழுவை விட்டுக் கிளம்பினார். பிறகு நடந்தது ஏறத்தாழ ஓர் இடமாற்றம். ஏசஸ் என்ற குழுவில் ஊதிக்கொண்டிருந்த இளைஞர் ஜூனியர் வெல்ஸ் மடி வாட்டர்ஸிடம் வந்தார். வால்டர் ஏசஸ் குழுவைத் தன் பின்னணிக் குழுவாக எடுத்துக்கொண்டார். ஆனாலும் செஸ் இசைத்தட்டு நிறுவனம் மடி வாட்டர்ஸின் ஒலிப்பதிவுகளுக்கு வால்டரையே பல ஆண்டுகள் அழைத்துக்கொண்டிருந்தது. மேடையில் ஒருவர், தட்டில் வேறொருவர் என்ற இந்த நிலையை அறியாமல், இசைத்தட்டைக் கேட்டுக் குழுவின் உறுப்பினர் பட்டியலைப் போடுகிறவர்கள் இன்றும் குழம்புகிறார்கள்.

ஏசஸ் குழுவின் பெயர் வந்துவிட்டதால், அங்கிருந்த டிரம்ஸ் கலைஞர் ஃபிரெட் பிலோவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இவர் மடி வாட்டர்ஸின் மேடைக் குழுவில் நிலையாக இருந்தவர் அல்லர். என்றாலும், சிகாகோ ப்ளூஸின் தாளம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு இவரை விட்டுவிட்டு விடை எழுத முடியாது. 1926இல் சிகாகோவிலேயே பிறந்தவர். பருத்திச் செடிக்கும் இவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. படித்தது டூசாபில் உயர்நிலைப் பள்ளியில். அங்கே கேப்டன் வால்டர் டயட் என்ற இசை ஆசிரியர் இராணுவக் கண்டிப்போடு நடத்திய வகுப்பிலிருந்து, ஜீன் அம்மன்ஸ், டைனா வாஷிங்டன் என்று ஜாஸ் உலகின் ஒரு தலைமுறையே வெளிவந்தது. பிலோ அதன் பிறகு ராய் நாப் நடத்திய தாளக்கருவிப் பள்ளியிலும் பயின்றார். இராணுவத்தில் இருந்தபோது அதன் இசைக்குழுவில் வாசித்தார். இசைக் குறிப்பைப் பார்த்து வாசிக்கத் தெரிந்தவர்.

இப்படிப்பட்டவர் 1951 வாக்கில் ஜெர்மனியிலிருந்து திரும்பி, ஜாஸில் வேலை கிடைக்காமல் ப்ளூஸ் குழுவில் உட்கார்ந்தபோது, முதலில் திணறிப்போனார். காரணம் எளிதில் விளங்கும். ப்ளூஸ் பாடலின் ஒரு சுற்று பன்னிரண்டு பார் (நான்கு தட்டு கொண்ட தாள அளவு) என்று நூல்களில் எழுதியிருக்கிறதே தவிர, தென்பகுதியிலிருந்து வந்த பாடகர்கள் அதை எண்ணிக்கொண்டு பாடுவதில்லை. பாட்டின் அடி நீண்டால் பதின்மூன்றரை ஆகும். மனம் சட்டென்று மாறினால் பதினொன்றில் திரும்பிவிடும். தனியாகக் கிட்டார் வாசித்துப் பாடுகிறவருக்கு அது சிக்கலே இல்லை; டிரம்ஸில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒவ்வொரு திருப்பமும் ஒரு பள்ளம். பாடகரின் மூச்சைக் கவனித்துப் பின்தொடர பிலோ கற்றுக்கொண்டார். பதிலுக்கு, பாடகர்கள் ஒழுங்கான எண்ணிக்கைக்குள் பாடப் பழகினார்கள். இரண்டாம், நான்காம் தட்டுகளில் ஸ்நேர் டிரம்மை அழுத்திக் கொடுத்துவிட்டு, சிம்பலில் ஜாஸ் பாணித் துள்ளலை மிதக்க விடும் அவருடைய முறை அந்த நகரத்தின் பொதுச் சொத்தாகவே ஆகிவிட்டது. சக் பெர்ரியின் சில புகழ்பெற்ற ராக் அண்ட் ரோல் தட்டுகளில் வாசித்ததும் இவரே.

மடி வாட்டர்ஸின் மேடையில் டிரம்ஸ் வாசித்த எல்கா எட்மண்ட்ஸும் ஜாஸிலிருந்து வந்தவர். இசைத்தட்டுகளில் எல்ஜின் எவன்ஸ் என்று குறிக்கப்படுபவர் இவரே. அவருக்குப் பின் 1950களின் பிற்பகுதியில் வந்த ஃபிரான்சிஸ் கிளேயும் ஜாஸ்காரர். இல்லினாய் மாநிலத்தின் ராக் ஐலண்டில் பிறந்தவர். மிசிசிப்பி டெல்டாவின் கிராமத்து இசைக்கு இதயத்துடிப்புக் கொடுத்தவர்கள் வரிசையாக வடமாநிலத்தில் பயின்ற ஜாஸ் கலைஞர்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. இதற்கு ஒரு நடைமுறைக் காரணம் உண்டு: பண்ணைகளில் தனியாகவோ இருவராகவோ வாசித்தவர்களின் மரபில் முழு டிரம்ஸ் தொகுதிக்குப் பெரிய இடம் இல்லை, அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் நடன அரங்குகளிலும் பள்ளி இசைக்குழுக்களிலும்தான் கிடைத்தார்கள்.

வில்லி டிக்சன் வேறு வழியாக வந்தவர். 1915இல் மிசிசிப்பியின் விக்ஸ்பர்கில் பிறந்த அவர், சிறுவயதில் ஒரு தச்சரிடம் கூட்டுப்பாட்டின் இலக்கணத்தைக் கற்று, அவர் நடத்திய தேவாலயப் பாடல் குழுவில் அடித்தளக் குரலாகப் பாடினார். சிகாகோவில் அவர் முதலில் அறியப்பட்டது குத்துச்சண்டையால். 1937இல் இல்லினாய் கோல்டன் கிளவ்ஸ் போட்டியில் அதிக எடைப் பிரிவில் வென்றார். டபுள் பேஸ் பின்னால்தான் வந்தது. பியானோக் கலைஞர் பேபி டூ காஸ்டன், ஒரு தகர டப்பாவில் ஒற்றைத் தந்தி கட்டி அவருக்கு முதல் பேஸைச் செய்து கொடுத்தார். இரண்டாம் உலகப் போரில் படையில் சேர மறுத்துச் சிறையில் இருந்தார். அதன் பின் காஸ்டனோடு சேர்ந்து நடத்திய பிக் த்ரீ டிரியோ, குரல்களை அடுக்கிப் பாடும் மெருகேறிய குழு; டெல்டாவின் கரடுமுரடு அதில் கிடையாது.

இந்தப் பின்னணி மடி வாட்டர்ஸின் இசையில் எங்கே தெரிகிறது என்று கேட்டால், 1954 ஜனவரியில் பதிவான ‘ஹூச்சி கூச்சி மேன்’ பாடலைக் காட்டுவேன். சான்சிபார் கிளப்பில் இடைவேளையின்போது கழிவறையில் நின்றபடியே அந்தப் பாடலை மடி வாட்டர்ஸுக்குச் சொல்லிக்கொடுத்ததாகவும், அவர் அன்றிரவே மேடையேற்றியதாகவும் டிக்சன் நினைவுகூர்ந்திருக்கிறார். பாடலின் அமைப்பைக் கவனியுங்கள். குழு முழுவதும் ஒரே சிறு வாக்கியத்தை ஒன்றாக வாசித்து, சட்டென்று நின்றுவிடுகிறது. அந்த வெற்றிடத்தில் பாடகர் தனியாக ஓர் அடியைச் சொல்கிறார். மறுபடி வாக்கியம், மறுபடி நிறுத்தம். எட்டு பார் இப்படியே போய், அதன் பிறகே வழக்கமான ஓட்டம் தொடங்குகிறது. ஆகவே பன்னிரண்டுக்குப் பதிலாகப் பதினாறு. நிறுத்தி வாசிப்பது பழைய உத்திதான். ஆனால் ஆளாளுக்குத் தன் போக்கில் வாசித்துப் பழகிய ஐந்தாறு பேரை ஒரே மூச்சில் நிறுத்தி ஒரே மூச்சில் தொடங்க வைக்கும் எண்ணம், கூட்டுப்பாட்டில் வளர்ந்த காதிலிருந்து வந்தது என்றே நினைக்கிறேன். அடுத்த ஆண்டு லிட்டில் வால்டருக்காக அவர் எழுதிய ‘மை பேப்’ பாடலின் மெட்டு, நேரடியாகவே ஒரு பழைய தேவாலயப் பாடலிலிருந்து வந்தது.

ஓட்டிஸ் ஸ்பான் 1950களின் தொடக்கத்தில் குழுவில் சேர்ந்து 1960களின் இறுதிவரை இருந்தவர். மிசிசிப்பியில் பிறந்த பியானோக் கலைஞர். சிகாகோவில் அவருக்கு முன்மாதிரி பிக் மேசியோ மெரிவெதர். இடது கையில் இடிபோன்ற பேஸ் வரிசையை உருட்டும் மேசியோவுக்கு 1946இல் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் செயலிழந்தது. அந்த இடது கைப் பாணியை எடுத்துத் தொடர்ந்தவர்களில் முதன்மையானவர் ஸ்பான். ஆனால் குழுவில் வாசிக்கும்போது அதை அடக்கி வைப்பார். பாடல் அடிக்கும் அடிக்கும் இடையில் வலது கையால் நடுங்கும் சிறு பதில்களைக் கொடுப்பதோடு நிறுத்திக்கொள்வார். மடி வாட்டர்ஸ் 1954இல் தெற்கு லேக் பார்க் அவென்யூவில் வாங்கிய வீட்டின் நிலவறையில்தான் ஸ்பான் குடியிருந்தார், ஒத்திகையும் அங்கேயே. 1960 ஜூலையில் நியூபோர்ட் ஜாஸ் விழா, வெளியே மூண்ட கலவரத்தால் பாதியில் நிறுத்தப்படவிருந்தபோது, கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் அங்கேயே விடைபெறும் பாடல் ஒன்றை எழுதிக் கொடுத்தார். களைத்துப்போயிருந்த தலைவருக்குப் பதிலாக அதைப் பாடியவர் ஸ்பான். 1970இல் புற்றுநோயால் இறந்தார்.

அந்த விழாவில் மவுத் ஆர்கன் வாசித்த ஜேம்ஸ் காட்டனின் பள்ளிக்கூடம் வானொலி. 1935இல் மிசிசிப்பியின் டூனிகாவில் பிறந்த அவர், ஹெலினா நகரின் கேஎஃப்எஃப்ஏ நிலையத்தில் 1941 முதல் ஒலிபரப்பான கிங் பிஸ்கட் டைம் நிகழ்ச்சியைக் கேட்டு வளர்ந்தார். ஒரு மாவு நிறுவனத்தின் விளம்பரத்துக்காக, வயலில் வேலை செய்கிறவர்களின் நண்பகல் ஓய்வு நேரத்தில் பதினைந்து நிமிடம் நடந்த நிகழ்ச்சி அது. அதில் ஊதியவர் இரண்டாம் சன்னி பாய் வில்லியம்சன், அதாவது ரைஸ் மில்லர். முன்பு குறிப்பிட்ட சன்னி பாய் வேறு, இவர் வேறு. காட்டன் சிறுவனாகவே அவரைத் தேடிப் போய் அவர் நிழலில் வளர்ந்தார்; பின் ப்ளூஸ் பாடகர் ஹௌலிங் வுல்ஃபோடு வாசித்தார், மெம்ஃபிஸின் சன் நிறுவனத்தில் இசைத்தட்டும் பதிவு செய்தார். 1954இன் இறுதியில் மடி வாட்டர்ஸிடம் சேர்ந்தபோது, லிட்டில் வால்டர் தட்டுகளில் வாசித்ததை ஸ்வரம் பிசகாமல் அப்படியே வாசிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கப்பட்டது. கேட்போர் தட்டில் கேட்டதைத்தான் மேடையிலும் எதிர்பார்த்தார்கள்; தலைவரும் அதையே விரும்பினார். தன் சொந்தக் குரலில் ஊத அவருக்கு அனுமதி கிடைக்கச் சில ஆண்டுகள் பிடித்தன.

பிற்காலக் குழுவைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1969இல் ஸ்பானின் இடத்துக்கு வந்த பைன்டாப் பெர்கின்ஸ், மிசிசிப்பியின் பெல்சோனியில் பிறந்து கிட்டார்காரராகத் தொடங்கியவர். 1940களில் ஹெலினாவில் ஒரு கத்திக்குத்தில் இடது கையின் தசைநார்கள் அறுபட்டதால் கிட்டாரை விட்டுப் பியானோவோடு நின்றவர். டிரம்ஸ் வாசித்த வில்லி ஸ்மித் உண்மையில் மவுத் ஆர்கன்காரர். டிரம்ஸுக்குத்தான் வேலை கிடைத்தது என்பதால் மாறியவர். 1980இல் அந்தக் குழு ஊதிய விவகாரத்தில் மடி வாட்டர்ஸிடமிருந்து மொத்தமாகப் பிரிந்தது. அதிலிருந்த சிலர் லெஜண்டரி ப்ளூஸ் பேண்ட் என்ற பெயரில் தொடர்ந்தார்கள்.

கேள்வியின் இன்னொரு பக்கத்தைக் காண, அதே நகரத்தில் 1963இல் வடபகுதியின் பிக் ஜான்ஸ் கிளப்பில் வாசிக்கத் தொடங்கிய இன்னோர் உள்ளூர்க் குழுவையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பயன்படும். அதன் தலைவர் பால் பட்டர்ஃபீல்ட் ஒரு வழக்கறிஞரின் மகன். சிறுவயதில் செவ்வியல் புல்லாங்குழல் முறையாகப் பயின்றவர். கிட்டார் வாசித்த எல்வின் பிஷப், ஓக்லஹோமாவின் டல்சாவிலிருந்து உதவித்தொகையோடு சிகாகோ பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படிக்க வந்தவர். பின்னர் சேர்ந்த மைக் ப்ளூம்ஃபீல்ட் வசதியான வணிகக் குடும்பத்துப் பிள்ளை. கீபோர்டு வாசித்த மார்க் நாஃப்டலினின் தந்தை அன்றைய மினியாபொலிஸ் நகர மேயர். இந்த வெள்ளை இளைஞர்களுக்கு அடித்தளமாக நின்றவர்கள், ஹௌலிங் வுல்ஃபின் குழுவிலிருந்து பட்டர்ஃபீல்ட் அழைத்து வந்த இரண்டு கறுப்பினக் கலைஞர்கள்: பேஸ் வாசித்த ஜெரோம் ஆர்னால்ட், டிரம்ஸ் வாசித்த சாம் லே. அலபாமாவின் பர்மிங்ஹாமில் பிறந்த லே, தன் புகழ்பெற்ற இரட்டை ஷஃபிள் தாளத்தைத் தேவாலயத்தில் கேட்ட கைதட்டல்களிலிருந்தும் கஞ்சிராத் தட்டல்களிலிருந்தும் எடுத்ததாகச் சொல்லியிருக்கிறார்.

இங்கே கற்றல் முறை தலைகீழாக இருந்தது. மடி வாட்டர்ஸின் ஆட்கள் வானொலியையும் தெருவையும் பள்ளியையும் ப்ளூஸுக்குள் கொண்டுவந்தார்கள். பட்டர்ஃபீல்டின் ஆட்கள் மடி வாட்டர்ஸும் லிட்டில் வால்டரும் வாசித்த கிளப்புகளுக்கு இரவெல்லாம் போய் உட்கார்ந்து, அனுமதி கிடைத்தபோது மேடையேறி, ப்ளூஸைக் கற்றார்கள். இவர்களை நகல் என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. புல்லாங்குழல் பயின்ற மூச்சுக் கட்டுப்பாடு பட்டர்ஃபீல்டின் நீண்ட, தெளிவான ஸ்வரங்களில் கேட்கிறது. சாம் லேக்குப் பிறகு ஜாஸ் பழகிய பில்லி டேவன்போர்ட் டிரம்ஸுக்கு வந்த பின்னர், 1966இல் பதின்மூன்று நிமிடம் ஓடும் ‘ஈஸ்ட்-வெஸ்ட்’ என்ற வாத்திய இசையை அவர்கள் பதிவு செய்தார்கள். கார்டு (பல ஸ்வரங்களின் கூட்டொலி) மாற்றமே இல்லாமல் ஒரே ஆதார சுருதியின் மேல் நீளும் அந்தப் படைப்பில், ப்ளூம்ஃபீல்ட் ராகங்களைக் கேட்டதன் சாயல் தெளிவாகவே இருக்கிறது.

இவற்றையெல்லாம் காதால் சரிபார்க்க விரும்புகிறவர்கள், மடி வாட்டர்ஸின் 1948ஆம் ஆண்டுத் தட்டான ‘ஐ கான்ட் பி சாட்டிஸ்ஃபைட்’ பாடலிலிருந்து தொடங்குவது நல்லது. அதில் குழுவே இல்லை. அவருடைய கிட்டாரும் பிக் கிராஃபோர்டின் பேஸும் மட்டும்தான். கிளப்பில் முழுக்குழு வாசித்துக்கொண்டிருந்த காலத்திலும், விற்பனையான வடிவத்தை மாற்ற நிறுவனம் தயங்கியதால் தட்டுகளில் அது வெளிவரச் சில ஆண்டுகள் ஆயின. அதன் பிறகு ‘ஜூக்’ கேட்டால் சாக்ஸபோனை நினைத்து ஊதப்பட்ட மவுத் ஆர்கன் விளங்கும். லிட்டில் வால்டர் ஏசஸ் குழுவோடு பதிவு செய்த தட்டுகளில், குரலையும் ஆர்கனையும் மனத்தால் ஒதுக்கிவிட்டு, சிம்பலை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். டூசாபில் பள்ளி அங்கே கேட்கும். கடைசியாக 1960 நியூபோர்ட் நேரடிப் பதிவைக் கேட்கும்போது, பாடகர் நிறுத்துகிற ஒவ்வோர் இடத்திலும் பியானோவா, ஆர்கனா, கிட்டாரா, எது முதலில் நுழைகிறது, மற்றவை எப்படி வழிவிடுகின்றன என்பதைக் கவனித்தால், யார் யாரிடமிருந்து என்ன வந்தது என்பது தானே பிரிந்து தெரியும்.